ரங்கய்யா பெட்டிக்கு நான் போட்ட பட்டை

மழுங்கின உளியைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரில் சிலருக்கு அடுத்த வீட்டுச் சண்டை பிடிக்கும், சிலருக்குச் சீட்டாட்டம் பிடிக்கும். எனக்குத் துரு. துருவைப் பார்த்ததும் கை நமநமவென்று அரிக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட சமையல் கட்டுக்குள் நுழைந்து கத்தி, அரிவாள்மனைகளின் உடல்நலத்தை விசாரிக்காமல் வரமாட்டேன். (ஒரு கல்யாணத்தில் அப்படி ஒன்றைத் தீட்டிக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. கட்டியது என் சொந்தத் தம்பி மகன்.)

இந்த வியாதி பிறவியிலேயே வந்ததல்ல. அரக்கோணம் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். அதுவரை இந்தக் கையால் செய்த ஒரே மரவேலை பென்சில் சீவியது. ரிட்டையரான மறுமாதம் கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பழைய இரும்புக் கடையில் ஓர் இழைப்புளி குப்புறக் கிடந்தது. எதற்கென்று தெரியாமலே வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, தகடைக் கழற்றிக் கல்லில் தேய்த்து, உடைந்த கதவுப் பலகை ஒன்றின் மேல் வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். சர்ர்ரென்று ஒரு சத்தம். மெல்லிசாக ஒரு சுருள் எழும்பி என் மணிக்கட்டில் விழுந்தது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு குதூகலம் இருந்ததில்லை.

அதன் பிறகு என்னைப் பிடிக்க ஆள் இல்லை. ரம்பம், வாய்ச்சி, கொட்டாப்புளி என்று எங்கள் பின்கட்டு நிரம்பியது. முதலில் ஒரு ஸ்டூல் செய்தேன். அதற்கு நாலு கால். ஆனால் ஒரு நேரத்தில் மூன்றுதான் தரையைத் தொடும். என் மனைவி மோகனா அதில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இன்னாங்க இது, உக்காந்தா ரயில்ல போற மாதிரியே கீது. உங்களுக்கு ரயில்வே புத்தி போவல” என்றாள். நான் மனம் தளரவில்லை. மற்ற மூன்று கால்களையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து அறுத்துச் சரிசெய்தேன். கடைசியில் அது மணை ஆகிவிட்டது. நல்ல உறுதியான மணை.

இந்த நிலையில்தான் வசந்தி மேடம் எங்கள் ஊரான திருத்தணியில் மியூசியம் ஆரம்பித்தார். வரலாற்று டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்தில் தன் அப்பா விட்டுப்போன பழைய கட்டிடத்தில் மூன்று அறைகளை ஒழித்து, சுற்றுவட்டாரத்துப் பழம்பொருட்களைச் சேர்த்து வைத்தார். சம்பளமில்லாத வேலைக்கு ஆள் வேண்டும் என்றார். மறுநாள் காலை அவர் கேட்டைத் திறப்பதற்கு முன்பே நான் வாசலில் நின்றேன். ஒட்டடை அடித்தேன், பெயர்ச்சீட்டு எழுதினேன், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த கூட்டம் வெயிலுக்கு ஒதுங்கியபோது அத்தனை பேருக்கும் விளக்கம் சொன்னேன். (அவர்கள் தண்ணீர் கேட்டார்கள். தண்ணீரையும் கொடுத்தேன்.) மூன்றாவது அறை தொழில் கருவிகளுக்கு என்று மேடம் முடிவு செய்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த அறையின் பொறுப்பும் சாவியும் எனக்குத்தான் என்று ஜாடையாகச் சொல்லியும் இருந்தார். என் வயதில் ஒருவன் ஒரு சாவிக்கு இவ்வளவு ஏங்குவான் என்று நான் நினைத்ததில்லை.

அந்த அறையின் திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. நகரி ரோட்டில் மரப்பட்டறை வைத்திருக்கும் ரங்கய்யா என்பவர், தன் அப்பாவின் கருவிப்பெட்டியைக் கருவிகளோடு மியூசியத்துக்குக் கொடுத்திருந்தார். மேடம் அதை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு போன் செய்தார்.

“உள்ள என்னென்ன இருக்குன்னு ஒரு பட்டியல் மட்டும் எழுதிக் குடுங்க சார்.”

மட்டும் என்றுதான் சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது.

பெட்டியைப் பின்கட்டில் இறக்கித் திறந்தேன். சொர்க்கம்! பன்னிரண்டு உளிகள், மூன்று இழைப்புளிகள், இரண்டு ரம்பம், ஒரு சுத்தி. எல்லாவற்றின் மேலும் எண்ணெய்ப் பிசுக்கும் துருவும். பட்டியல் எழுதப் பேனாவைத்தான் எடுத்தேன். முதல் உளியின் முனை உடைந்திருந்தது. ‘பட்டியலில் உடைந்த உளி என்று எழுதினால் ரங்கய்யா மனது கஷ்டப்படாதா?’ என்று ஒரு நியாயம் தோன்றியது. கல்லை எடுத்தேன். பேனா எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

மூன்று நாள். சோறு தண்ணீர் நினைவில்லை. உடைந்த முனையைத் தேய்த்து நேராக்கினேன். ஆடிய சுத்திக் காம்புக்கு ஆப்பு வைத்தேன். பெட்டியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு மூடவே மாட்டேன் என்றது; பார்த்தால் அதன் முன்பக்கத்துச் சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தது. முழம் நீளச் சட்டம், அழுக்கேறி, ஓரத்தில் செல் அரித்தது. அதைக் கழற்றி ஒரு மூலையில் போட்டுவிட்டு, புதுத் தேக்கில் ஒன்று செய்து பொருத்தினேன். என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக நான் செய்த ஒன்று அளவு பிசகாமல் உட்கார்ந்தது! மோகனாவைக் கூப்பிட்டு ஏழு தடவை மூடித் திறந்து காட்டினேன். பிறகு பெட்டி முழுக்க டர்பன்டைன் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாக என்னென்னவோ பொருக்கு பொருக்காக உதிர்ந்து, உள்ளேயிருந்து மரத்தின் ரேகை எழுந்து வந்தது. வார்னிஷும் ஒரு கை அடித்தேன். பெட்டி புதுமாப்பிள்ளை போல ஜொலித்தது.

வெள்ளிக்கிழமை காலை மேடத்திடமிருந்து போன்.

“சார், பேனர் அரக்கோணத்துல பிரின்ட்டுக்குக் குடுத்துட்டேன். அந்தப் பெட்டிதான் நம்ம விழாவோட உயிரே. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வச்ச பொட்டு, ஒன்னு மேல ஒன்னா அப்படியே இருக்கு பாத்தீங்களா? எத்தனை வருஷத்துப் பூஜை! அதத் தொட்டுக் காட்டித்தான் பேசப்போறேன். ஜாக்கிரதையா வச்சிருக்கீங்கல்ல?”

நான் பெட்டியைப் பார்த்தேன். பெட்டியில் என் முகம் தெரிந்தது.

“மேடம், அது வந்து...”

“உங்க கையில இருக்கும்போது எனக்கென்ன கவலை? சாவிக்கொத்துல மூணாவது சாவியத் தனியா எடுத்து வச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் உங்ககிட்ட குடுக்கறேன்.”

சாவி என்ற சொல் காதில் விழுந்ததும் என் நாக்கு உள்ளே போய்விட்டது. “ஆங் மேடம்” என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், சனிக்கிழமை மத்தியானம் போலி ஆயுத பூஜை ஒன்றுக்கு ஆயத்தமானேன். பெட்டியில் என்ன இருந்தது என்று யோசித்தேன். வெள்ளை, மஞ்சள், சிவப்பு. திருத்தணியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதில் சந்தேகம் எங்கிருந்து வரும்? வெள்ளை என்றால் விபூதி, மஞ்சள் என்றால் சந்தனம், சிவப்பு குங்குமம். பெட்டி வந்த அன்று மேடம் எடுத்த போட்டோவைக் கேட்டிருக்கலாம்தான். ஆனால், ‘பெட்டியே உங்க கிட்டதானே இருக்கு, போட்டோ எதுக்கு?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

மலைக்கோயில் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் குழைத்தேன். மூடியின் மேலும் புதுச் சட்டத்தின் மேலும் மூன்று விரலால் பட்டை இழுத்தேன். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். மின்விசிறியில் காயவைத்து, அதன் மேலேயே மறுபடி பட்டை. பழசாகத் தெரிவதற்கு மேலே காபி டிகாக்‌ஷனைத் தடவினேன், நல்லெண்ணெயைத் தொட்டுப் பூசினேன், விசிறி இறக்கையிலிருந்து வழித்த தூசியைத் தூவினேன். ஒரே மத்தியானத்தில் முப்பது வருட ஆயுத பூஜையை முடித்தாக வேண்டும்.

மோகனா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாங்க பண்ணிகினு கீறீங்க?”

“ஆயுத பூஜை.”

“அதுக்கு இன்னும் ஒரு மாசம் கீதே?”

“இது பழைய ஆயுத பூஜை.”

“மேடம் கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் சொல்றத சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த டிகாக்‌ஷன் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அது அவளுடைய சாயங்காலக் காபி.

ஞாயிற்றுக்கிழமை காலை. மேடம் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் பெட்டியைக் கொண்டுபோய் அறையின் நடுவில், மங்கலான வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்தேன். இரண்டு அடி தள்ளிப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரவில்லை. என் கைவண்ணத்தை நினைத்து உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. (வெட்கமில்லாதவன்.) பத்து மணிக்கு ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். ரங்கய்யா வெள்ளை வேட்டியில், கழுத்தில் துண்டோடு, தன் மைத்துனரை அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடம் குத்துவிளக்கு ஏற்றச் சொல்லப் போகும் சமயத்தில்தான் அரக்கோணத்திலிருந்து பேனர் வந்து சேர்ந்தது. இரண்டு பேர் அதைப் பிரித்துப் பெட்டிக்கு நேர் பின்னால் சுவரில் கட்டினார்கள்.

ஆறடி உயரத்தில் ரங்கய்யா பெட்டி. நேரில் எனக்கு வெறும் அழுக்காகத் தெரிந்தது, ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் பளிச்சென்று தெரிந்தது. மூடியின் முன்சட்டத்தில், அச்சடித்தது போல, வெள்ளையில் இரண்டு கோடும் நடுவில் சிவப்புமாக ஒரு நாமம்.

அதற்குக் கீழே, மேசையில், என் பெட்டி. முழுப் பட்டையோடு.

கூட்டம் மேலே பார்த்தது, கீழே பார்த்தது, மறுபடி மேலே பார்த்தது. ரங்கய்யா எழுந்து வந்து பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“அம்மா, நம்ம பெட்டி எங்கம்மா?”

“இதாங்க” என்றார் மேடம்.

“இது நம்முது இல்லீங்க. எங்க வூட்டு சாமி ஏழுமலையான். எங்க நைனா வருஷா வருஷம் நாமந்தான் போடுவாரு. இது பட்டை போட்டுகினு கீது.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரங்கய்யா சிரிக்கவில்லை.

“சரி, பூச்ச வுடுங்க. நைனா பெட்டி மூடி மூடாது. பாத்துடலாம்.” மூடியை இறக்கினார். சத்தமே இல்லாமல், நூல் இடைவெளிகூட இல்லாமல் மூடியது. மூன்று நாள் முன்பு நான் ஏழு தடவை ரசித்த அதே மூடல்.

“உளி ஒன்னு முனை ஒடஞ்சிருக்கும்.” பன்னிரண்டையும் எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டும் பளபளத்தன.

“சுத்தி காம்பு ஆடும்.” ஆட்டினார். அவர்தான் ஆடினார்.

அவர் எந்தெந்த அடையாளத்தைச் சொன்னாரோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் நான் சரிசெய்து வைத்திருந்தேன். ஒரு குறையையாவது மறந்து தொலைத்திருக்கக் கூடாதா? ரங்கய்யா நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“நம்பிக் குடுத்தேனேம்மா. பெட்டிய மாத்திட்டீங்களே.”

மைத்துனர் அவர் தோளைத் தொட்டு, “பாவா, வா போலாம். போலீஸ்ல சொல்லிக்கலாம்” என்றார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த மேடம், தன் கட்டிடத்தில், தான் கூப்பிட்ட கூட்டத்தின் முன்னால் திருட்டுப் பட்டத்தோடு நின்றார். அப்போதும் அவர் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. “பெட்டி ஏகாம்பரம் சார் கிட்டதாங்க இருந்தது. அவர் ஒரு ஆணியைக்கூட எடுக்கிறவர் இல்லை” என்றார்.

அந்த வார்த்தை என்னைக் கொன்றது. சாவியாவது மண்ணாவது என்று முன்னால் போனேன்.

“பெட்டிய மாத்தலீங்க. இது அதே பெட்டிதான். நான்... நல்லாக்கிட்டேன்.”

“இன்னாது?”

“தேச்சிட்டேன். உளியத் தீட்டிட்டேன். மூடிக்குப் புதுச் சட்டம் போட்டேன். பொட்டெல்லாம் போயிடுச்சின்னு நேத்து நானே விபூதி குழைச்சுப் போட்டேன்.”

“உங்கள யாருங்க கேட்டாங்க?” என்றார் ரங்கய்யா.

கேட்டாரே தவிர, நான் சொன்னதை அவர் நம்பவில்லை. மேடத்தைக் காப்பாற்ற இந்தக் கிழவன் பொய் சொல்கிறான் என்றே நினைத்தார். “அப்படின்னா பழைய சட்டம் எங்க? அதக் காட்டுங்க, ஒத்துக்கறேன்” என்றார்.

நியாயமான கேள்வி. எங்கே? மூலையில் போட்டது நினைவிருந்தது. காலையில் பின்கட்டைப் பெருக்கியபோது மூலையில் அது இல்லை என்பதும் நினைவிருந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மோகனாவின் குரல் வந்தது.

“வாஷிங் மிஷினுக்கு அடியில கீதுங்க.”

ஐம்பது தலைகளும் திரும்பின.

“மிஷினு ஆடிகினே இருந்திச்சி. இவர ஒரு கட்டை குடுங்கன்னு ஒரு மாசமா கேட்டுகினு கீறேன். மூலையில ஒன்னு கெடந்துது. எடுத்து வச்சிட்டேன்.”

ஸ்கூட்டரில் பறந்தேன். பின்சீட்டில் ரங்கய்யாவின் மைத்துனர், நான் வழியில் வேறு கட்டையை மாற்றிவிடாமல் இருக்கக் காவலுக்கு. வாஷிங் மெஷின் துணிகளோடு ஓடிக்கொண்டிருந்தது. மோகனா விழாவுக்குக் கிளம்பும்போது போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதை நிறுத்தி, நான் ஒரு பக்கம் தூக்க, மைத்துனர் தரையில் படுத்து அடியில் கைவிட்டு இழுத்தார். சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது சட்டம். திருப்பினால், மேல்பக்கம் முழுவதும் சோப்பு நுரை. அவர் கட்டை விரலால் வழித்தார். எத்தனையோ வருட எண்ணெயில் ஊறிய நாமம், கொஞ்சமும் அசையாமல் இருந்தது. “கோவிந்தா” என்றார் மைத்துனர். நான் முருகா என்று சொல்ல வாயெடுத்து, சந்தர்ப்பம் சரியில்லை என்று நானும் கோவிந்தா என்றேன்.

மியூசியத்தில் ரங்கய்யா அந்தச் சட்டத்தைத் தன் துண்டால் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேனரோடு ஒப்பிட்டார். ஓரத்தில் செல் அரித்த இடம் முதற்கொண்டு பொருந்தியது. கைகூப்பி மேடத்திடம் மன்னிப்புக் கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

“மேடம், மன்னிச்சிடுங்க. சாவி வேணாம். வாசல்ல நின்னு தண்ணி குடுக்கறேன், அது போதும்” என்றேன். அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அதைப் பறிகொடுக்கும்போதுதான் தெரிந்தது.

இதற்கிடையில் ரங்கய்யா பெட்டியின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஓர் உளியை எடுத்துக் கட்டை விரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மாறியது.

“இந்தத் தீட்டு யாரு தீட்டுனது?”

“நான்தாங்க.”

“சட்டம்?”

“அதுவும்.”

“அம்மா” என்றார் மேடத்திடம். “பெட்டிய நான் எடுத்துகினு போறேன்.”

“கோவமா?” என்றார் மேடம் பதறி.

“கோவமெல்லாம் இன்னாத்துக்கு? மூடி மூடலன்னுதான மியூசியத்துக்குக் குடுத்தேன்? இப்ப மூடுதே! பட்டறையில வச்சிப்பேன்.” சட்டத்தை மேடத்தின் கையில் கொடுத்தார். “இது உங்களுக்கு. நைனா போட்ட நாமம் இதுலதான கீது.”

அன்றைக்கு எங்கள் மியூசியத்தின் மூன்றாவது அறை, ஈரம் காயாத ஒரே ஒரு மரச்சட்டத்தோடு திறந்து வைக்கப்பட்டது.

நாலு வருடம் ஆகிறது. இப்போது அந்த அறை நிறையக் கருவிகள் இருக்கின்றன. சாவி மேடத்திடம்தான். என்னை அவர் விரட்டவில்லை. ஆனால் ஒரு சட்டம் போட்டார். அறைக்குள் நான் இருக்கும்வரை இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வருகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சட்டத்தைப் பார்த்துவிட்டு, ‘மீதிப் பெட்டி எங்கே?’ என்று கேட்டால், முழுக்கதையையும் நான்தான் சொல்ல வேண்டும். அதுதான் தண்டனை. ஆரம்பத்தில் நெளிந்தேன். இப்போது யாரும் கேட்காவிட்டாலும் கூப்பிட்டுச் சொல்கிறேன். துருவைக் கண்டால் அரிக்கும் கைக்கும் ஒரு வழி பிறந்தது. வாரத்தில் இரண்டு நாள் ரங்கய்யா பட்டறையில் உளி தீட்டுகிறேன். அங்கே யாரும் என்னைத் தடுப்பதில்லை, சுருள் சுருளாக மரம் பறக்கிறது, அந்தக் குதூகலம் இன்னும் கொஞ்சமும் குறையவில்லை.

குறையாத இன்னொன்று வீட்டார் கிண்டல். போன வருடம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, கண்ணுக்குள் மங்கிப்போன பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதிது பொருத்தப் போவதாகப் பொறுமையாக விளக்கினார். ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு இல்லை. மோகனா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எடுக்கற பழசத் தூக்கிப் போட்டுடாதீங்க டாக்டர். நாளைக்கு யாராவது வந்து இது எங்க ஏகாம்பரம் இல்லன்னு சொன்னா, காட்டறதுக்கு எங்கிட்ட வேற ஒன்னும் கெடையாது.”